சராசரி 49 டாலர்: ஃபிரீட்மன் சேமிப்பு வங்கியின் வீழ்ச்சி குறித்து ஒரு மறுகணக்கு

1874 ஜூன் இறுதியில் அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக நிறுவப்பட்ட ஃபிரீட்மன் சேமிப்பு வங்கி மூடப்பட்டபோது, 61,144 பேருக்கு அது தர வேண்டியிருந்தது ஏறத்தாழ 30 லட்சம் டாலர். தலைக்கு 49 டாலர். இந்தச் சராசரியை வைத்து அமெரிக்கப் பொருளாதார வரலாற்றில் ஒரு சாரார் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர்: விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் நம்பிக்கையை அந்த வீழ்ச்சி குலைத்தது, நாட்டின் பொருளாதாரத்தைப் பொறுத்தவரை அது சிறு தொகையே. முதற்கூற்றில் எனக்கு மாறுபாடில்லை. இரண்டாவதை ஏற்பதற்கில்லை.

வங்கியின் கணக்குப் பதிவேடுகளே இங்கு முதன்மைச் சான்று. ஒவ்வொரு படிவத்திலும் பெயர், வயது, பிறந்த ஊர், தொழில், மனைவி மக்கள், பெற்றோர் ஆகியவற்றுக்கு இடமுண்டு. தொடக்ககாலப் படிவங்கள் பழைய எசமானர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும்கூடக் கேட்கின்றன. அடியில் கையெழுத்து, எழுதத் தெரியாதவருக்கு ஒரு பெருக்கற்குறி. வம்சாவளி தேடுவோர் உறவுப் பெயர்களுக்காகவே இவற்றைப் புரட்டுகின்றனர். நான் கவனிக்கக் கோருவது, யாரிடம் வேலை என்ற கேள்விக்கான இடத்தை. பழைய எசமானர் பெயரைக் கேட்ட அதே பதிவேட்டு வரிசையில், சொந்தமாகத் தொழில் செய்வதாகச் சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

வங்கி இயங்கிய ஒன்பதாண்டுகளில் உள்ளே வந்த மொத்தத் தொகை 5.5 கோடி டாலருக்கு மேல். அதில் எஞ்சியது 30 லட்சம் மட்டுமே என்பதைச் சேமிக்கும் பழக்கமின்மைக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. எடுத்த பணம் எதற்குப் போயிற்று என்பதை அந்தப் பதிவேடுகள் சொல்வதில்லை. ஆகவே உறுதியாகப் பேச முடியாது. ஆயினும் நிலமும் கோவேறு கழுதையும் வாங்கப் பணம் தேவைப்பட்ட மக்களிடம், போட்டு எடுக்கும் பணத்தைத் தொழில் முதலாகக் கொள்வதே பொருத்தமான வாசிப்பு. கணக்கு வைத்திருந்த குடும்பங்களில் கல்வியும் வருமானமும் சொத்தும் கூடுதலாக இருந்ததை 2020இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியிருக்கிறது. வங்கிக்கு வந்தவர்கள் முன்பே வசதியானவர்கள் என்ற மறுப்பு, அந்தப் பெருக்கற்குறிகளைப் பார்த்தவரிடம் நெடுநேரம் நிற்காது.

கையில் ரொக்கம் இல்லாத தெற்கத்தி உழவர் என்ன செய்தார்? வரப்போகும் விளைச்சலை ஊர்க்கடைக்காரரிடம் அடமானம் வைத்துச் சோளமும் பன்றிக்கறியும் கடனுக்கு வாங்கினார். 1880களில் ஜார்ஜியாவில் ரொக்க விலையையும் கடன் விலையையும் ஒப்பிட்டவர்கள், ஆண்டு வட்டி 50 விழுக்காட்டைத் தாண்டியதாகக் கணக்கிட்டுள்ளனர். அந்த வட்டியில் 49 டாலர் கடனைத் தவிர்ப்பவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 25 டாலர் மிச்சப்படுத்துகிறார். இரண்டே ஆண்டில் மிச்சமே முதலுக்குச் சமமாகிவிடுகிறது. அதைவிட முக்கியமானது பயிர்த் தேர்வு. எளிதில் விற்கும் பருத்தியையே கடைக்காரர் கேட்டார். உண்ணும் தானியத்தை உழவரே கடனுக்கு வாங்க நேர்ந்தது. 1880இல் தெற்கின் தனிநபர் வருமானம் நாட்டுச் சராசரியில் பாதியளவே. வங்கி ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடன் கட்டிலிருந்து வெளியேறும் ஒரு வழி அடைபட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை.

1873 நிதி நெருக்கடியில் எல்லா வங்கிகளும்தானே தள்ளாடின என்பார்கள். ஆனால் இந்த வங்கியின் சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சேமிப்பை அரசுப் பத்திரங்களில் இடவேண்டும் என்றிருந்த சாசனத்தை 1870இல் நாடாளுமன்றம் திருத்தி, நிலச்சொத்தின் பேரில் கடன் தர இடமளித்தது. வங்கியின் நிதிக்குழுத் தலைவர் ஹென்றி குக். அவருடைய அண்ணன் ஜே குக்கின் நிதி நிறுவனத்துக்கும் வங்கிப் பணம் சென்றது. வண்ணாரின் சேமிப்பும் கூலியாளின் சேமிப்பும் வாஷிங்டன் மனை வணிகத்துக்கு முதலாயின. அந்தச் சேமிப்பாளருக்கு ஊரில் நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கவில்லை. இன ஒதுக்கல் முதலை அழிப்பதோடு நிற்பதில்லை, குறைந்த பயன் தரும் இடத்துக்கு அதைத் திருப்பியும் விடுகிறது. அடிமை ஒழிப்புப் போராளி ஃபிரெடரிக் டக்ளஸ் 1874 மார்ச்சில் வங்கியின் தலைமையேற்றுத் தம் சொந்தப் பணம் 10,000 டாலரை இட்டபோது காலம் கடந்திருந்தது.

இழப்பு 38 விழுக்காடுதான் என்பது இன்னொரு வாதம். 1875 முதல் 1883 வரை ஐந்து தவணைகளில் 62 விழுக்காடு திருப்பித் தரப்பட்டதாம். பாஸ்புக்கை வாஷிங்டனுக்கு அனுப்பிக் கோரியவர்களுக்குத்தான் அது கிடைத்தது, பலர் கோரவேயில்லை. கோரியவருக்கும் முதல் தவணை 20 விழுக்காடு. 49 டாலர் வைத்திருந்தவர் கையில் அப்போது வந்தது பத்து டாலருக்கும் குறைவு. அதற்குள் ஒரு விதைப்புப் பருவம் கடனிலேயே கழிந்திருந்தது.