பழவேற்காடு: ஓர் ஆலயமும் ஒரு கல்லறைத் தோட்டமும்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை ஏரிக்கரையில் உள்ள பழவேற்காட்டிற்கு நம்மை இட்டுச் செல்கிறது. பறவைகளைக் காணவும் படகில் செல்லவுமே பலர் அங்கு வருகின்றனர். நாங்கள் சென்றது மகிமை மாதா ஆலயத்தையும் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தையும் காண்பதற்காக.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்ச்சுகீசிய வணிகர்கள் இவ்வூருக்கு வந்துவிட்டனர். மகிமை மாதா ஆலயம் 1515ஆம் ஆண்டில் தோன்றியதென்பது மரபு. அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்தனர். 1610இல் பண்டகசாலை அமைத்தனர். 1612இல் போர்ச்சுகீசியர் அதைத் தாக்கி அழிக்கவே, 1613இல் ஒரு கோட்டையை எழுப்பினர். ஹெல்டர்லாந்து என்னும் நெதர்லாந்து மாகாணத்தின் நினைவாக அதற்கு ஹெல்டிரியா எனப் பெயரிட்டனர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கடற்கரையில் டச்சு வணிகத்தின் தலைநகர் பழவேற்காடே.

அக்கோட்டையில் 1632 முதல் 1642 வரை போதகராகப் பணியாற்றியவர் ஆபிரகாம் ரோஜெரியஸ். கத்தோலிக்கத்தை எதிர்த்த திருச்சபையைச் சேர்ந்த அவர், இங்கே போர்ச்சுகீசிய மொழியிலும் போதித்தார். பகைவர் அரசியலில் தோற்ற பின்னும் அவர்களது மொழி கரையில் வழக்கொழியவில்லை! பத்மநாபன் என்ற அந்தணரிடம் அவர் கேட்டறிந்த செய்திகள், அவரது மறைவுக்குப்பின் 1651இல் லைடன் நகரில் நூலாக வெளிவந்தன. பர்த்ருஹரியின் நீதி, வைராக்கிய சதகங்களின் டச்சு வடிவமும் அதில் உண்டு. ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறிய முதல் சமஸ்கிருத இலக்கிய மொழிபெயர்ப்பு அதுவே என்பர். இலக்கிய ஆர்வலர்களாகிய நமக்கு இவ்வூர் நினைவில் நிற்க இந்த ஒன்றே போதும்.

ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்துவிட்டு நாம் பெருமை பேச இயலாது. அதே நூற்றாண்டில் இத்துறையிலிருந்து துணிப்பொதிகளோடு மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். போரும் பஞ்சமும் சோழமண்டலக் கரையை வாட்டிய நாட்களில், உணவின்றித் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் பத்தாவியாவிற்கும் பிற டச்சுக் குடியேற்றங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர்.

இவ்வெண்ணத்தோடுதான் கல்லறைத் தோட்டத்தினுள் நுழைந்தோம். வாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூட்டு உருவங்கள் வருவோரை நிறுத்துகின்றன. உள்ளே, பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைகள் பல. சிலவற்றின் மேல் மண்டபங்களும் கூர்ங்கோபுரங்களும் நிற்கின்றன. படுகைக் கற்களில் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துக்களும் நுணுக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியத் தொல்லியல் துறை அவற்றைக் காத்து வருகிறது. இறந்தவர் பெயரும் நாளும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. கப்பலேறிச் சென்றவர்களுக்கோ ஒரு கல்லும் இல்லை. வணிகக் கணக்கேடுகளில் எண்ணிக்கையாக மட்டுமே அவர்கள் எஞ்சினர்.

கோட்டையும் நிலைக்கவில்லை. ஆங்கிலேயர் 1795இல் அதைக் கைப்பற்றிப் பின்னர் இடித்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஊர் முழுமையாக அவர்கள் வசமாயிற்று. புதர் மண்டிய மேட்டை இன்று காண்போருக்கு, அங்கே ஒரு தலைநகர் இருந்ததென்று சொன்னால் நம்புவது கடினம்.

மகிமை மாதா ஆலயத்தின் நிலை வேறு. அதை நிறுவிய போர்ச்சுகீசியர் என்றோ சென்றுவிட்டனர். அவர்களது அதிகாரமும் போயிற்று. எனினும் மீனவக் குடும்பங்கள் அதைத் தமதாக்கிக்கொண்டன. கடலுக்கும் ஏரிக்கும் செல்வோர்க்காக இன்றும் அங்கே தமிழில் வேண்டுதல் நடக்கிறது. கல்லறைகளுக்கு அரசின் காவல் உண்டு. ஆலயத்திற்கு ஊரே காவல்.

பழவேற்காட்டிற்குச் செல்லும் நண்பர்கள் படகேறுமுன் இவ்விரு இடங்களிலும் சற்று நேரம் செலவிடுமாறு வேண்டுகிறோம். எழுத்துப் பொறித்த கற்களைப் படியுங்கள். பெயரின்றிப் போனவர்களையும் ஒரு கணம் நினையுங்கள்.