நீர் நின்ற நிலமும் முள் நின்ற காடும்

குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்த நிலத்தைப் பாலை என்றார் இளங்கோவடிகள். மருதம் வறண்டு திரிந்தால் அதற்கு என்ன பெயர்? நம் திணை மரபில் அதற்குப் பெயர் இல்லை. ஆனால் நிலம் மட்டும் இருக்கிறது. மதுரையிலிருந்து தென்கிழக்கே மானாமதுரை, பரமக்குடி வழியாக முதுகுளத்தூர், கமுதி வரை செல்வோர் அதனைக் காணலாம். உயர்ந்த கரை உண்டு, கல் மடை உண்டு, கலுங்கும் உண்டு. தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாயில் பல இடங்களில் சீமைக் கருவேலங்காடு நிற்கிறது. ஆண்டில் சில மாதங்கள் சேறும் சகதியுமாய், மீனும் நாரையுமாய் இருந்த ஈரநிலம் இன்று ஆள் நுழைய முடியாத முட்காடு. அதைச் சுற்றிய ஊர்களிலோ பூட்டிய வீடுகள் பல.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு மதுரை மாவட்டத்தில் ஏறத்தாழ 820 பேர் வாழ்ந்தனர். இராமநாதபுரத்தில் 330 பேர், சிவகங்கையில் ஏறத்தாழ 320 பேர். மாநிலச் சராசரி 555. அடுத்தடுத்த மாவட்டங்களுக்கிடையே ஏன் இத்தனை வேறுபாடு? மழைக்குறைவு என்று ஒரே சொல்லில் விடையளிப்பது எளிது. ஆனால் மழை குறைவு என்பதை அறிந்தே நம் முன்னோர் இங்குக் குடியேறினர். அந்தக் குறையை நிரப்பவே கண்மாய்களைக் கண்டனர்.

நீர்நிலை அமைப்பதே அரசனின் தலையாய கடன் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்திய குடபுலவியனாரின் பாடல் புறநானூற்றில் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் பாண்டியன் சேந்தன் மடை அமைத்த செய்தியை வைகையில் கிடைத்த கல்வெட்டு கூறுகிறது. கடலை நோக்கி ஓடும் வைகை, வழிநெடுகக் கண்மாய்களை நிரப்பிவிட்டு, இறுதியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது. தமிழகத்தின் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்களுள் கணிசமான பங்கு இவ்விரு மாவட்டங்களில் உள்ளது. ஆக, இந்த ஈரநிலம் இயற்கை தந்ததன்று. மனித உழைப்பு உண்டாக்கியது. அவ்வுழைப்பு நின்றால் அதுவும் நில்லாது.

கோடையில் ஊரார் கூடிக் கரம்பை மண்ணை வெட்டி வயலுக்கு அடிப்பர், வரத்துக்காலைத் தூர்வாருவர், கரையை உயர்த்துவர். இதுவே குடிமராமத்து. இது முழுவதும் மனமுவந்த பணி என்று எண்ணிவிடலாகாது. 1858-ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை அரசு இவ்வேலைக்கு ஆள்களைக் கட்டாயப்படுத்தச் சட்டம் இயற்றியது. மடை திறந்து நீர் பாய்ச்சியவர்கள் பல ஊர்களில் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களே. நீரைக் காத்தவர்களுக்கு நீரில் பங்கு மிகக் குறைவு. பிற்காலத்தில் வேறு பிழைப்பு கிடைத்தபோது அவர்கள் விலகிச் சென்றதில் வியப்பில்லை.

1876-78 பெரும்பஞ்சத்திற்கு முன்னும் பின்னும் இப்பகுதி மக்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினர். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தது. அது வேண்டிய மாற்றமே. ஆனால் ஜமீன் கண்மாய்கள் அரசுடைமையானபின், பெரியவை பொதுப்பணித்துறைக்கும் நூறு ஏக்கருக்கும் குறைந்த ஆயக்கட்டுடையவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் சென்றன. ஊரின் பொருளாய் இருந்தது அலுவலகத்தின் பொருளாயிற்று. கிணறும் மின்விசைப் பம்பும் வந்தபின் வசதியுடையோர்க்குக் கண்மாயின் தேவை குறைந்தது. சென்னையும் திருப்பூரும் வளைகுடாவும் இளைஞரை அழைத்துக்கொண்டன.

இவ்வாறு ஆள் விலகிய இடத்தில்தான் மரம் புகுந்தது. அமெரிக்கக் கண்டத்துச் சீமைக் கருவேலம் 1870-களின் இறுதியில் இந்தியாவுக்கு வந்தது. பின்னர் விறகுக்காகவும் வேலிக்காகவும் வறண்ட மாவட்டங்களில் பரப்பப்பட்டது. ஆடுமாடுகள் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைச் சேர்த்தன. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து தழைக்கும் மரம் அது. ஆகவே, மரம் வந்ததால் மட்டும் மக்கள் போகவில்லை. மக்கள் கைவிட்ட நிலத்தை மரம் பிடித்துக்கொண்டது. பிடித்தபின் அவர்கள் திரும்பும் வழியை அடைத்தது.

எவ்வாறு அடைத்தது? உள்வாய் புறம்போக்கு, அதில் குடியேறப் பட்டா இல்லை. நீரிழந்த ஆயக்கட்டு வயலிலோ மரத்தை வேரோடு அகற்றும் செலவு, ஒருபோக விளைச்சலின் வரவை விழுங்கிவிடும். எஞ்சியது கரிமூட்டம். ஒருமுறை வெட்டிய காடு மறுவெட்டுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நெல் விளைந்தபோது ஊர் முழுவதற்கும் வேலை தந்த நிலம், கரியாகும்போது சில குடும்பங்களுக்கே சோறிடுகிறது. ஆயினும் பஞ்சக் காலத்தில் ஏழையின் அடுப்பை எரியவிட்டது அந்த மரமே என்பதையும் மறத்தலாகாது.

இனி மதுரை நகரைப் பாருங்கள். தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி மாளிகை எழுந்தது. மாட்டுத்தாவணியில் பேருந்து நிலையம் வந்தது. உலகநேரிக் கண்மாயில் உயர்நீதிமன்றக் கிளை 2004-இல் செயற்படத் தொடங்கியது. அவையும் நீர்நிலைகளே. அங்கே நிலத்திற்கு விலை இருந்ததால் கட்டடம் நிறைந்தது. இங்கே விலை இல்லாததால் முள் நிறைந்தது. நோய் ஒன்றே, நீரைக் காக்கும் உரிமையும் கடமையும் ஊரின் கையைவிட்டு நழுவியமை. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதி வெள்ளத்தில் தத்தளித்தது நகரம் கொடுத்த விலை. பூட்டிய வீடுகள் சிற்றூர் கொடுத்த விலை.

மரத்தை வெட்டிவிட்டால் போதுமா? 2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி பல மாவட்டங்களில் சீமைக் கருவேலம் அகற்றப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அதற்கு இடைக்காலத் தடை வந்தது. வெட்டிய பின் நீர் நில்லாத இடத்தில் மரம் மீண்டும் தழைப்பது இயல்பு. மரமும் நீரும் பகையல்ல என்பதற்குத் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடி சான்று. அங்குக் கண்மாயினுள் நிற்கும் கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. 1977-இல் அது சரணாலயமாயிற்று. பறவைகள் அஞ்சாதிருக்கத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை அவ்வூரார். ஊர் தனதென்று கருதும் கண்மாய் மரத்தோடும் வாழும்.

2017-இலேயே குடிமராமத்து என்ற பெயரில் அரசுத் திட்டமொன்று மீண்டும் தொடங்கப்பட்டது. பெயர் மீண்டால் போதாது. பழைய முறையில் உழைப்பு ஒருவருக்கும் விளைவு மற்றவருக்குமாய் இருந்த பிழை நீங்க வேண்டும். மண் சுமப்பவருக்கும் மடை திறப்பவருக்கும் கண்மாயின் நீரிலும் மீனிலும் மரத்திலும் உரிய பங்கு கிடைக்குமானால், வெளியூர் சென்றவருள் சிலரேனும் திரும்பி வருவர். அதன்பின்னரே அரிவாளால் ஆகும் வேலை நிலைக்கும்.