தகரச் சீட்டும் அந்தரங்க உரிமையும்

மனிதன் கூடி வாழும் இயல்பினன். எனினும், பிறர் நோக்குக்கு அப்பாற்பட்ட சிறு எல்லை ஒன்றை அவன் தனக்கென வேண்டுகின்றான். அதனைக் காப்பதே அந்தரங்க உரிமை. அரசுகள் இணையத்தைக் கண்காணிக்கும் இக்காலத்தில் அவ்வுரிமை பெரிதும் பேசப்படுகின்றது. மலையக மக்களுக்கோ இது புதிய வினா அன்று.

1901 ஆம் ஆண்டில் தகரச் சீட்டு முறை புகுத்தப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளி, தான் சேரவேண்டிய தோட்டத்தைக் காட்டும் தகரத் துண்டொன்றைத் தாங்கியே மலையேறினான். அவன் வேறு தோட்டம் செல்ல விரும்பின், கடன் இவ்வளவு எனக் குறிக்கும் ‘துண்டு’ வேண்டும். அக்கடனைத் தீர்க்க ஒப்பும் துரையிடமே வேலை பெறலாம். தன்னைப் பற்றிய குறிப்பு பிறர் கையில் இருந்தமையே அவனுக்கு விலங்காயிற்று. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

ஆயினும், கடிதம் பிறர் கைவழியே வந்தது. அக்கரப்பத்தனை போன்ற தோட்டப் பகுதிகளில், லயங்களுக்குத் தனி முகவரி இன்மையால், கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியே வருதல் நெடுங்கால வழக்கம். உறை பிரிக்கப்படாவிடினும், எவருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பது அங்கே புலனாகும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புப் பிந்தினால் இழப்புத் தொழிலாளியின் பிள்ளைக்கே.

இணையக் கண்காணிப்பின் நுட்பமும் இதுவே. செய்தியைப் படியாமலே, யார் யாருடன் எப்பொழுது தொடர்புகொண்டார் என்பதனால் ஒருவர் வாழ்வை அறியலாம். அமெரிக்க அரசு கோடிக்கணக்கான தொலைபேசி அழைப்புகளின் விபரங்களை இவ்வாறு திரட்டியமை 2013 இல் எட்வேர்ட் ஸ்னோடனால் வெளிப்பட்டது.

குற்றத்தைத் துப்பறிதல் அரசின் கடமை என்பது உண்மையே. இலங்கையின் 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், நீதவானின் ஆணை பெற்றுத் தொடர்பாடலை இடைமறிக்க இடமளிக்கின்றது. அவசர நிலையில் ஆணையின்றியும் அது நிகழலாம். இவ்விலக்கே அஞ்சத்தக்கது; அவசரம் எது என்பதை ஆராய்வோரே தீர்மானிக்கின்றனர். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்போ அந்தரங்கத்தைத் தனியொரு அடிப்படை உரிமையாக வெளிப்படக் கூறவில்லை. இந்திய உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் 24-08-2017 இல் அதனை அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்த்தனர். 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவுகளைப் பார்க்கவும் திருத்தவும் இலங்கையருக்கு உரிமை வகுத்தது. எனினும், தேசியப் பாதுகாப்பின் பொருட்டு அதிலும் விலக்குண்டு.

தகரச் சீட்டைத் தாங்கியவன், தன்னைப் பற்றி எழுதப்பட்டதை மறுக்கும் வழியின்றி வாழ்ந்தான். அவன் வழித்தோன்றல்கள் அவ்வழியைச் சட்டத்தாற் பெறுவதே போதாது. அதனைக் கேட்டுப் பெறும் கல்வியும் துணிவும் உடையராதல் வேண்டும்.