பசுங்கணிகம் காட்டும் தாய்வழி: அலையாத்தி மரங்களின் மரபணுத்தொகை வரலாறு

அலையாத்தி என்பது ஒரு தாவரக் குடும்பத்தின் பெயரன்று. உப்பும் சேறும் ஓதமும் கூடுமிடத்தில் வாழக் கற்றுக்கொண்ட, ஒன்றோடொன்று நெருங்கிய உறவில்லாத பல மரங்களுக்கு நாம் இட்டிருக்கும் பொதுப்பெயர் அது. வெவ்வேறு நிலக் குடும்பங்கள் வெவ்வேறு காலங்களில் தனித்தனியே கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தன. ஆகவே இம்மரங்களின் பசுங்கணிக மரபணுத்தொகைகள் படிக்கப்படத் தொடங்கியபோது ஒரு கேள்வி இயல்பாகவே எழுந்தது. ஒரே உப்புநீர் இவை எல்லாவற்றிலும் ஒரே தழும்பை விட்டிருக்கிறதா? இல்லை என்பதே என் முடிவு. பசுங்கணிகத்தில் முதன்மையாகப் பதிந்திருப்பவை இரண்டு: மரம் எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்பதும், அதன் விதை எந்தக் கடல்வழியே பயணம் செய்தது என்பதும். உப்பைத் தாங்கும் திறனின் வரலாறு பெரும்பாலும் உட்கருவில் எழுதப்பட்டுள்ளது.

பசுங்கணிகத்துக்கெனத் தனி மரபு உண்டு என்ற எண்ணம், டி.என்.ஏ.வே மரபுப் பொருள் என்று அறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே தோன்றிவிட்டது. ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த நீலப்பச்சைப் பாசி போன்ற உயிரே செல்லுக்குள் குடியேறிப் பசுங்கணிகமானது என்று 1905-இல் ருஷ்ய உயிரியலாளர் கான்ஸ்டன்டின் மெரெஷ்கோவ்ஸ்கி எழுதினார். 1909-இல் கார்ல் கோரன்ஸ் அந்திமந்தாரையின் வெள்ளையும் பச்சையும் கலந்த இலைகளை ஆராய்ந்தார். சந்ததியின் இலைநிறம் மகரந்தத்தால் மாறவில்லை. சூல் எந்தக் கிளையிலிருந்து வந்ததோ அதையே பின்பற்றியது. அதே ஆண்டில் பெலர்கோனியத்தை ஆராய்ந்த எர்வின் பௌர், அதில் தாய் தந்தை இருவர்வழியும் பசுங்கணிகம் கடத்தப்படுவதைக் கண்டார். தாய்வழி மரபு பெரும்பான்மை வழக்கமே தவிர, விதிவிலக்கற்ற நியதியன்று என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பிற்கால ஆய்வுகள் சில இதை மறந்துவிடுகின்றன.

1962-இல் ரிஸ், பிளாட் இருவரும் பச்சைப் பாசி ஒன்றின் பசுங்கணிகத்துக்குள் டி.என்.ஏ. இழைகள் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினர். 1967-இல் லின் மார்குலிஸ் பழைய குடியேற்றக் கருத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். 1986-இல் ஜப்பானின் இரு குழுக்கள் முழுப் பசுங்கணிக மரபணுத்தொகைகளை வெளியிட்டன. சுகியுராவின் குழு படித்த புகையிலையில் ஏறத்தாழ 1,56,000 கார இணைகளும், ஓயாமாவின் குழு படித்த ஈரல் பாசியில் 1,21,000 கார இணைகளும் இருந்தன. பெரும்பாலான பூக்கும் தாவரங்களுக்கு இன்றும் புகையிலையின் அமைப்பே மாதிரி. நீண்ட ஒற்றைப் பகுதி ஒன்று, குறுகிய ஒற்றைப் பகுதி ஒன்று, இரண்டுக்கும் இடையே ஒன்றுக்கொன்று தலைகீழாக அமைந்த இரட்டைப் பகுதிகள். அடுத்த ஆண்டே வுல்ஃப், லீ, ஷார்ப் மூவரும் மாற்ற வேகங்களை ஒப்பிட்டனர். தாவர உட்கரு மரபணுக்களின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியே பசுங்கணிகத்தின் வேகம். மைட்டோகாண்டிரியாவின் வேகம் அதிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. குடும்ப உறவுகளைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கித் தேட இந்த நிதானம் உதவியது. அண்மைக் கால மாற்றங்களைத் தேடுவோருக்கு அதுவே தடையானது.

அலையாத்தி ஆய்வில் முதல் பெரும் விளைவு வகைப்பாட்டில் வந்தது. 1993-இல் மார்க் சேஸும் நாற்பதுக்கும் மேற்பட்ட உடனாய்வாளர்களும் சுமார் 500 விதைத் தாவரங்களின் ஆர்.பி.சி.எல். என்ற ஒரே பசுங்கணிக மரபணுவைக் கொண்டு உறவு மரம் வரைந்தனர். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில், வேர், காய் ஆகியவற்றின் தோற்றத்தை நம்பி எழுப்பிய பழைய கட்டடங்கள் பல சரிந்தன. வகைப்பாட்டியலாளர் கிரான்குவிஸ்ட் தனி வரிசையாகவே வைத்திருந்த, அலையாத்திகள் அடங்கிய ரைசோபோரா குடும்பம், ஆமணக்கும் மரவள்ளியும் அடங்கிய மால்பிகியேல்ஸ் வரிசைக்குள் வந்தது. அதன் மிக நெருங்கிய உறவு தென்னமெரிக்காவின் கோக்கா செடிக் குடும்பம் என்று தெரிந்தது. ஒரு காலத்தில் தேக்கோடு சேர்த்தும், பின்னர்த் தனிக் குடும்பமாகவும் வைக்கப்பட்ட அவிசீனியா, ஆடாதோடையும் நிலவேம்பும் சேர்ந்த அக்காந்தேசியின் உள்ளேயே கிளைத்தது என்பதை 2002-இல் ஷ்வார்ஸ்பாக், மெக்டேட் ஆய்வு நிறுவியது. மற்ற அலையாத்திகளில், சொன்னரேஷியா மருதாணி, மாதுளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சைலோகார்ப்பஸ் வேம்பின் உறவு. சுந்தரி மரம் பருத்தி, பூவரசு வரிசையில் நிற்கிறது. சிதம்பரத்துத் தில்லை ஆமணக்குக் குடும்பம். நீப்பாவோ பனையினம்.

இந்த உறவுகளை மனத்தில் கொண்டால்தான் முழு மரபணுத்தொகைகளைச் சரியாகப் படிக்க முடியும். அவற்றைப் பெறுவதும் எளிதாக இருக்கவில்லை. அலையாத்தி இலைகளில் டானினும் பிற பாலிஃபீனால்களும் மிகுதி. இலையை அரைத்தவுடன் அவை ஆக்சிஜனேற்றமடைந்து டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க 1987-இல் டாயில் இணையர் பரவலாக்கிய சி.டி.ஏ.பி. முறையைச் சற்று மாற்றித்தான் பல ஆய்வகங்கள் தூய டி.என்.ஏ. எடுத்தன. புதிய வரிசையாக்க இயந்திரங்கள் வந்தபின் நிலைமை மாறியது. ஓர் இலைச் செல்லில் உட்கருவின் டி.என்.ஏ. ஒன்றிரண்டு படிகளாக இருக்க, பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கிறது. ஆகவே மொத்த டி.என்.ஏ.வை மேலோட்டமாகப் படித்தாலே பசுங்கணிகத் தொகை முழுவதும் கிடைத்துவிடும். கடந்த பத்தாண்டுகளில் அலையாத்தி மரங்களின் முழுத் தொகைகள் அடுத்தடுத்து வெளிவந்ததற்கு இதுவே காரணம்.

அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது, கடற்கரையில் அருகருகே நிற்கும் மரங்களின் தொகைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை என்பதே. அவிசீனியாவின் தொகை ஏறத்தாழ 1.5 லட்சம் கார இணைகள். ரைசோபோரா குடும்பத்துத் தொகைகள் 1.6 லட்சத்தைத் தாண்டுகின்றன. இந்த வேறுபாட்டுக்கும் அவற்றின் வேர் எவ்வளவு உப்பில் நிற்கிறது என்பதற்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை. தலைகீழ் இரட்டைப் பகுதிகளின் எல்லைகள் நகர்வதும், மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெற்றுப் பகுதிகள் நீள்வதும் குறுகுவதும் எல்லாக் குடும்பங்களிலும் நடப்பவை. மரபணு இழப்பிலும் இதே கதைதான். புரத உருவாக்கத்தைத் தொடங்க உதவும் இன்ஃப்-ஏ மரபணு பூக்கும் தாவரங்களில் பலமுறை தனித்தனியே பசுங்கணிகத்திலிருந்து மறைந்திருப்பதையும், சில தாவரங்களில் அது உட்கருவுக்கு இடம்பெயர்ந்துவிட்டதையும் 2001-இல் மில்லனும் சகாக்களும் காட்டினர். ரோசிட் எனப்படும் பெருங்கிளையில் ஏறக்குறைய எல்லாத் தாவரங்களும் அதைப் பசுங்கணிகத்தில் இழந்தவை. ரைசோபோரா, சொன்னரேஷியா, லுமினிட்செரா, தில்லை, சுந்தரி ஆகிய அனைத்தும் அந்தக் கிளையைச் சேர்ந்தவை. பருத்திக்கும் மாமரத்துக்கும் பொதுவான ஓர் இழப்பைக் கடல்வாழ்வின் அடையாளம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பசுங்கணிக மரபணுக்கள் சிலவற்றில் நேர்மறைத் தேர்வின் தடயம் கண்டு, அதை உப்புத் தகவமைப்பென விளக்கும் கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றை நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியின் பெரிய அலகை உருவாக்கும் ஆர்.பி.சி.எல். மரபணுவில் இத்தகைய தேர்வு நிலத் தாவரங்கள் முழுவதிலும் பரவலாகக் காணப்படுவதை 2007-இல் கப்ரலோவும் ஃபிலட்டோவும் நிறுவினர். பாலைவனத்திலும் மலைக்காட்டிலும் காணப்படும் ஒன்றை அலையாத்தியில் கண்டதால் மட்டும் உப்பு காரணமாகிவிடாது. ஒவ்வோர் அலையாத்தி மரத்தையும் அதன் நிலவாழ் நெருங்கிய உறவோடு ஒப்பிட்டு, தனித்தனியே கடலுக்கு வந்த கிளைகளில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததென்று காட்டினாலன்றி அந்த விளக்கம் நிலைக்காது.

கடல்வாழ்வின் வரலாற்றைத் தேடும் ஆய்வுகள் உட்கருவில் நடந்திருக்கின்றன. குவாங்சோவின் சன் யாட்-சென் பல்கலைக்கழகத்தில் சுஹுவா ஷியின் குழு 2017-இல் வெளியிட்ட முழு உட்கரு ஆய்வின்படி, ரைசோபோராவும் அதன் அலையாத்தி உறவுகளும் அடங்கிய கிளை ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன், புவி கடுமையாகச் சூடேறிக் கடல்மட்டம் உயர்ந்திருந்த காலத்தையொட்டித் தோன்றியது. 2021-இல் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் பரணியும் அவருடன் அஜய் பரிடா முதலியோரும் வெளியிட்ட அவிசீனியா மரினாவின் உட்கருத் தொகை, அம்மரம் உப்பைச் சுரந்து வெளியேற்றுவதற்கான மரபணுக்களைத் தேட அடித்தளம் அமைத்தது.

பசுங்கணிகத்தின் உண்மையான வளம் வேறிடத்தில் இருக்கிறது. ரைசோபோராவிலும் அதன் உறவுகளிலும் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட நாற்றாக நீரில் விழுந்து மிதக்கிறது. தாய்வழியே செல்லும் பசுங்கணிகம் அந்த நாற்றின் பயணத்தை மட்டும் பதிந்து வைக்கிறது. மகரந்தம் கொண்டுவரும் கலப்பு அதில் சேர்வதில்லை. இந்தப் பதிவில் மிகத் தெளிவாகத் தெரிவது மலாய்த் தீபகற்பம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாய், சுமத்திரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலமாக இணைந்து, இந்தியப் பெருங்கடலையும் தென்சீனக் கடலையும் பிரித்து நின்றன. இத்தகைய தாழ்வு பலமுறை நிகழ்ந்தது. சீரியாப்ஸ் டகால், புருகியெரா ஜிம்னோரைசா, லுமினிட்செரா ரெசிமோசா, தில்லை ஆகியவற்றில் தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே மரபுப் பிளவு இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. நீண்ட நாற்று கொண்டவற்றிலும், சிறுவிதை கொண்ட தில்லையிலும் அதே கோடு விழுந்திருக்கிறது. கடல் மீண்டும் ஏறி மலாக்கா நீரிணை திறந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆனபின்னும் அந்தக் கோடு அழியவில்லை. மிதக்கும் நாற்று எங்கும் போய்ச் சேரும் என்ற பழைய நம்பிக்கைக்கு இதைவிட வலிய மறுப்பு எனக்குத் தெரியாது.

கண்டேலியா என்ற அலையாத்தியின் கதையும் இதனோடு சேரும். ஒரே இனம் மட்டும் கொண்டதாகக் கருதப்பட்ட பேரினம் அது. 2001-இல் கிழக்காசியக் கண்டேலியாவின் பசுங்கணிக, மைட்டோகாண்டிரிய வேறுபாடுகள் ஆராயப்பட்டன. 2003-இல் ஷூயே, லியூ, யோங் மூவரும் பலவகைச் சான்றுகளைக் கூட்டி, சீனா, தைவான், ஜப்பான் கரைகளில் வளரும் மரத்தைக் கண்டேலியா ஒபொவாட்டா என்ற புதிய இனமாகப் பிரித்தனர். அட்லாண்டிக்கில் கிடைத்த செய்தி இதற்கு நேர்மாறானது. 2007-இல் நெட்டெல், டாட் இருவரும் அவிசீனியா ஜெர்மினன்ஸில், பனாமா நிலஇணைப்பின் இரு பக்கத்து மரங்கள் பிரிந்து நிற்கையில், மேற்கு ஆப்பிரிக்க மரங்கள் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை மரங்களோடு நெருங்கியிருப்பதைக் கண்டனர். குறுகிய நிலம் பிரித்ததைப் பெருங்கடல் பிரிக்கவில்லை.

ஆனால் தாய்வழியை மட்டும் பதியும் சான்று, தந்தைவழியைப் பற்றி எதுவும் சொல்லாது. பிச்சாவரத்தில் 1995-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் விவரித்த ரைசோபோரா அண்ணாமலையானா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது ரைசோபோரா ஏபிகுலேட்டாவும் ரைசோபோரா மியூக்ரொனேட்டாவும் கலந்த கலப்பினம் என்பதை 1997-இல் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் பரணி, பரிடா குழு மூலக்கூறு அடையாளங்களால் உறுதிப்படுத்தியது. அம்மரத்தின் பசுங்கணிகத்தை மட்டும் படித்தவருக்கு அது தூய தாயினமாகவே தோன்றும். கலப்பு நடந்ததே தெரியாது. கலப்பினம் மீண்டும் தந்தையினத்தோடு தலைமுறை தலைமுறையாகக் கூடினால், ஓர் இனத்தின் உடலில் வேறோர் இனத்தின் பசுங்கணிகம் நிலைத்துவிடவும் கூடும். அமெரிக்கக் கரைகளில் ரைசோபோரா மாங்கிளும் ரைசோபோரா ரெசிமோசாவும் இவ்வாறு மரபணுக்களைப் பரிமாறியிருப்பதை 2010-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. முழுப் பசுங்கணிகத் தொகையைக் கொண்டு வரைந்த மரம் எவ்வளவு உறுதியான கிளைகளைக் காட்டினாலும், அது ஒரே தாய்வழியின் மரம். ரைசோபோரா போன்ற பேரினத்தில் அதை இனங்களின் வரலாறென எடுத்துக்கொள்ளுமுன் உட்கருவின் சான்றும் வேண்டும்.

இன்னொன்றும் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் அலையாத்தி நடவு பெருகியது. ஒரு கழிமுகத்து நாற்றை இன்னொரு கழிமுகத்தில் நடும்போது, நீரோட்டம் கொண்டு சேர்க்காத தாய்வழி ஒன்று அங்கே வேரூன்றுகிறது. பின்னாளில் அதை ஆராய்பவர் கடலின் செயலென்று தவறாகப் படிப்பார். நாற்று எடுக்கும் இடத்தையும் நடும் இடத்தையும் குறித்து வைப்பதும், நடவுக்கு முன் இயற்கையாக நிற்கும் மரங்களின் இலை மாதிரிகளைச் சேமிப்பதும் செலவு மிகுந்த வேலைகளல்ல. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் கோடியக்கரையிலும் நிற்கும் முதிய மரங்களிலிருந்து அதைத் தொடங்கலாம்.