மின்கம்பம் நின்ற இடம்



ஒரு கிராமத்தை ‘மின்வசதி பெற்ற கிராமம்’ என்று அரசு எப்போது எழுதிக்கொள்கிறது? 1997 வரை இருந்த வரையறைப்படி, கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தத் தேவைக்காக மின்சாரம் பயன்பட்டாலும் போதும். வயலில் ஒரு மோட்டார் ஓடினால் கணக்கு முடிந்தது. ஊர்த்தெருவே இருட்டில் கிடக்கலாம். சேரியை யார் கேட்டார்கள்?

பணம் வந்த வழியும் அப்படித்தான் இருந்தது. 1969 ஜூலையில் தொடங்கப்பட்ட கிராம மின்மயக் கழகத்தைப் பரிந்துரைத்தது வெங்கடப்பையா தலைமையிலான ஊரகக் கடன் மறுஆய்வுக் குழு. விவசாயக் கடனை ஆராய வந்த குழு. கழகம் மாநில வாரியங்களுக்குக் கடன் கொடுத்தது. கடன் என்றால் திரும்பி வர வேண்டும். பம்புசெட்டில் விளைச்சல் பெருகும், வருமானம் வரும். ஒற்றை பல்பு எரியும் குடிசையில் என்ன வரும்? பம்புசெட்டுக்குக் கிணறு வேண்டும், கிணற்றுக்கு நிலம் வேண்டும். நிலம் யாரிடம் இருந்தது என்பதை வீராணத்துக் கரையில், லால்பேட்டையில் நின்றுகொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே 1969இல்தான் காட்டுமன்னார்கோயில் மண் தந்த எல். இளையபெருமாள் தலைமையிலான தீண்டாமை ஒழிப்புக் குழுவின் அறிக்கையும் வந்தது. ஒரே டெல்லி, ஒரே ஆண்டு. ஆனால் ஊரும் சேரியும் தனித்தனி என்ற உண்மை மின்வசதியின் வரையறைக்குள் நுழைய இன்னும் 35 ஆண்டுகள் பிடித்தன.

இத்தனைக்கும் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் மின்சாரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அம்பேத்கர். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காமல் தொழில் வளராது, தொழில் வளராமல் ஏழை மீளமாட்டான் என்று 1943லேயே வாதிட்டார். அவரை அரசியல் சட்டத்தோடு மட்டும் நிறுத்திவிடுகிறோம். நெய்வேலி அனல்மின் நிலையம் 1962இலேயே ஓடத் தொடங்கிய மாவட்டம் நம்முடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டைக் குறிவைத்து மத்திய மானியம் வந்தது 1988-89இல், ‘குடீர் ஜோதி’ திட்டத்தில். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த குடும்பத்துக்கு ஒரு விளக்கு. தமிழ்நாட்டிலும் குடிசைக்கு ஒரு விளக்கு இணைப்பு உண்டு. சிறியதுதான், ஆனால் நிலம் இல்லாதவரின் வாசலுக்குக் கம்பியைக் கொண்டுவந்தது அதுதான். அதற்கும் இடத்துக்கான சான்று கேட்டார்கள். புறம்போக்கில் குடிசை போட்டவர் எந்தச் சான்றைக் காட்டுவார்?

2004இல் வரையறை மாறியது. குடியிருப்பிலும், தலித் குடியிருப்பு இருந்தால் அங்கும் மின்மாற்றியும் கம்பியும் இருக்க வேண்டும் என்று முதல்முறையாக எழுதப்பட்டது. 2005இல் வந்த ராஜீவ் காந்தி கிராம மின்மயத் திட்டத்தில் செலவில் 90 விழுக்காடு மத்திய மானியம். ஆனால் அதே வரையறை, 10 விழுக்காடு வீடுகளில் விளக்கு எரிந்தால் போதும் என்றும் சொன்னது. 300 வீடுள்ள கிராமத்தில் 30 வீடு. கம்பி காலனிக்குள் வந்துவிடும். அந்த 30 வீடும் ஊரிலேயே இருக்கலாம். 2018 ஏப்ரல் 28இல் நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டதாக அறிவித்தபோதும் அளவுகோல் இதுவே. வீடுவீடாக எண்ணும் சௌபாக்யா திட்டம் அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2017 செப்டம்பரில், தொடங்கியிருந்தது.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் கிராமத்துக்கு மின்சாரம் வந்த ஆண்டு அரசுப் பதிவில் இருக்கும். காலனிக்கு வந்த ஆண்டு பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கும். யார் கல்யாணத்துக்கு முன், எந்த வெள்ளத்துக்குப் பின் என்று அவர்கள் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள்.