பாம்பும் படையும்: ஓர் அச்சத்தின் வரலாறு

'பாம்பு என்றால் படையும் நடுங்கும்' என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த மொழி. வேலுக்கும் வாளுக்கும் அஞ்சாத படை, கையும் காலும் குரலும் இல்லாத ஓர் உயிருக்கு ஏன் நடுங்க வேண்டும்? புலியை அறியாத சிற்றூர்கள் உண்டு. பாம்பை அறியாத சிற்றூர் தமிழகத்தில் இல்லை. இரவு நேரத்தில் அதன் பெயரைச் சொல்லவும் அஞ்சி 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் நம் மூதாட்டியரிடம் இன்றும் இருக்கிறது. கொடிய நஞ்சுள்ள நாகத்திற்கு 'நல்ல பாம்பு' என்று பெயர் சூட்டியதிலும் வணக்கத்தோடு கலந்த அச்சத்தைக் காண்கிறோம். இவ்வச்சம் எங்கிருந்து வந்தது, நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சற்று ஆராய்வோம். தாம்பரத்தைச் சுற்றியுள்ள நம் பகுதிக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

திருநீர்மலைக் குன்றின்மேல் உள்ள வைணவத் தலத்தில் திருமால் அரவணைமேல் பள்ளிகொண்ட கோலத்தில் வழிபடப்படுகிறார். மக்கள் எதைக் கண்டு நடுங்கினார்களோ, அதையே இறைவனின் படுக்கையாகவும் குடையாகவும் கண்டது இம்மண்ணின் சமய உள்ளம். இக்குன்றுக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில்தான் 1863ஆம் ஆண்டு மே மாதம் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் பழைய கற்காலக் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியலுக்கே புதிய வாயிலைத் திறந்த கண்டுபிடிப்பு அது. அக்கருவியைச் செதுக்கிய மனிதனும் இதே செம்மண் மேட்டில், இதே முட்புதர்களிடையே பாம்பைக் கண்டு ஒதுங்கியிருப்பான். நம் அச்சம் நம் ஊர்களைவிட மிகப் பழையது.

எவ்வளவு பழையது? லின் இஸ்பெல் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 2006ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். குரங்கினத்தின் கூரிய பார்வை வளர்ந்ததற்கே பாம்பு ஒரு காரணம். பல கோடி ஆண்டுகளாக இலைச் சருகிற்குள் மறைந்திருக்கும் பாம்பை முன்கூட்டியே கண்டுகொண்டவை பிழைத்தன, காணாதவை மடிந்தன என்பது அவர் துணிபு. அறிஞர் எல்லாரும் இதை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும் இதற்குத் துணை நிற்கும் சோதனைகள் சில உண்டு. 2017ஆம் ஆண்டில் ஜெர்மனியிலும் சுவீடனிலும் உள்ள ஆய்வாளர்கள் ஆறுமாதக் குழந்தைகளுக்குப் பாம்பின் படத்தையும் மீனின் படத்தையும் காட்டினர். பாம்பைக் கண்டபோது குழந்தைகளின் கண்மணி அதிகமாக விரிந்தது. ஆயினும் அக்குழந்தைகள் அழவில்லை. உடல் விழித்துக்கொண்டது, உள்ளம் இன்னும் அஞ்சக் கற்கவில்லை.

அந்தக் கல்வி எவ்வாறு நிகழ்கிறது? 1980களில் சூசன் மினேகா என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் குரங்குகளிடம் செய்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. காட்டில் பிறந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அலறின. ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்தவை அஞ்சவில்லை. ஆனால் அலறும் குரங்கை ஒருமுறை பார்த்த பின்னர் இவையும் சில நிமிடங்களிலேயே அலறக் கற்றன. மற்றொரு சோதனையில், பூவைக் கண்டு குரங்கு ஒன்று அலறுவதுபோல் படத்தை மாற்றியமைத்துக் காட்டினர். அதைப் பார்த்த குரங்குகள் பூவுக்கு அஞ்சக் கற்கவே இல்லை. இதிலிருந்து நாம் பெறுவது இதுதான்: அச்சத்திற்கான நிலத்தை இயற்கை உழுது வைத்திருக்கிறது, விதையைத் தூவுவது சமூகம். தாயின் ஓர் அலறல் போதும், குழந்தைக்கு வாழ்நாள் முழுவதற்குமான பாடம் ஆகிவிடும்.

ஏதேன் தோட்டக் கதையே மனிதர் பாம்பை வெறுக்கக் காரணம் என்று சிலர் கூறுவர். இது பொருந்தாது. அக்கதையைக் கேட்டறியாத மக்களும் நடுங்குகின்றனர். கேட்டறியாத குரங்கும் நடுங்குகிறது. விவிலியமும் பாம்பைத் தீமையின் அடையாளமாக மட்டும் காட்டிவிட்டு நிற்கவில்லை. பாலைநிலத்தில் பாம்புக்கடிக்கு ஆளான மக்களுக்கு நலம் தரும் அடையாளமாக மோசே உயர்த்தியதும் ஒரு வெண்கலப் பாம்பே. பிற்காலத்தில் மக்கள் அதற்கே தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அரசர் அதை உடைத்தெறிந்தார் என்றும் படிக்கிறோம். திருத்தூதர் பணிகள் நூலில் மால்தாத் தீவு நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. பவுலின் கையை விரியன் பற்றியவுடன், இவர் ஒரு கொலைகாரர் என்று தீவு மக்கள் முடிவு கட்டினர். அவருக்கு ஒன்றும் நேரவில்லை என்று கண்டதும், இவர் ஒரு தெய்வம் என்றனர். சிறிது நேரத்திற்குள் இரண்டு தீர்ப்புகள், இரண்டும் தவறு. அச்சம் அறிவின் இருக்கையில் அமர்ந்தால் இப்படித்தான் நேரும்.

நாமும் அவ்வாறே செய்து வருகிறோம். புற்றில் இருக்கும்வரை பாலும் முட்டையும். புற்றைவிட்டு வெளியே வந்தால் தடியும் கல்லும். நடுவில் அறிவுக்கு இடமே வைப்பதில்லை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டில் புகை எழுகிறதா என்று மரத்தின் உச்சியிலிருந்து பார்க்குமாம்! உண்மையில் அது நஞ்சே இல்லாத பாம்பு. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்துமாம். அதனால் மனித உயிருக்குக் கேடில்லை. சாரை, நாகத்தின் ஆணாம். அவை இரண்டும் வெவ்வேறு இனங்கள், சாரைக்கு நஞ்சும் இல்லை. பழிவாங்கும் பாம்பைத் திரையில் காட்டிய 1979ஆம் ஆண்டின் 'நீயா' போன்ற படங்கள் இந்நம்பிக்கைகளுக்கு மேலும் உரமிட்டன. வயலில் எலியைத் தின்று உழவனின் நெல்லைக் காக்கும் சாரை, இக்கதைகளின் பெயரால் அடிபட்டுச் சாகிறது.

பாம்பை அறிந்துகொண்டால் அச்சம் அளவோடு நிற்கும் என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் பாட்ரிக் ரஸ்ஸல். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியல் அறிஞராகப் பணியாற்றிய இம்மருத்துவர், நஞ்சுள்ளவற்றையும் இல்லாதவற்றையும் மக்கள் பிரித்தறிய வேண்டும் என்று 1796இல் இந்தியப் பாம்புகளைப் பற்றிய படங்கள் நிறைந்த நூலை வெளியிட்டார். கண்ணாடி விரியன் ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1872இல் ஜோசப் பேரர் கல்கத்தாவிலிருந்து செய்த ஆய்வுகள் நூலாக வந்தன. ஆனால் ஆட்சியாளர் தேர்ந்துகொண்ட வழி வேறு. கொன்று கொண்டுவரும் ஒவ்வொரு பாம்பிற்கும் காசு என்று பரிசு அறிவித்தனர். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பாம்புகள் கொல்லப்பட்டதாகக் கணக்கு எழுதப்பட்டது. அதே ஏடுகளில், பாம்பு கடித்து இறந்தோர் தொகை ஆண்டுக்கு இருபதாயிரத்தை ஒட்டியே நின்றது. வெறுப்பினால் ஓர் உயிரைக்கூடக் குறைக்க முடியவில்லை.

உயிரைக் காத்தது வேறொன்று. 1890களில் ஆல்பர்ட் கால்மெட் என்னும் பிரெஞ்சு மருத்துவர், சைகோனில் தாம் கண்ட நாகப்பாம்புக் கடிகளால் தூண்டப்பட்டு, நஞ்சு முறிவு மருந்தை உருவாக்கினார். பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தினால், அதன் குருதியில் நஞ்சை எதிர்க்கும் ஆற்றல் பிறக்கும். அதைப் பிரித்தெடுத்து மனிதருக்குத் தருவதே இம்மருத்துவம். இன்றும் அடிப்படை அதுவே. ஆகவே பாம்புக்கடிக்கு மருந்து வேண்டுமென்றால் பாம்பு உயிரோடு இருக்க வேண்டும். அதைத் துணிந்து பிடிக்க ஒருவரும் வேண்டும்.

இங்கேதான் நம் பகுதியின் பங்கு தொடங்குகிறது. செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர், புல்லில் படிந்த சிறு தடத்தைக் கொண்டே எந்தப் பாம்பு, எப்போது, எத்திசையில் சென்றது என்று சொல்லக்கூடிய மக்கள். எலி வளையைத் தோண்டி, எலியையும் அது சேர்த்த நெல்லையும் உணவாகக் கொண்ட ஏழைகள். தோல் வணிகம் தழைத்த நாளில், பாம்புத் தோலுக்காக அவர்களின் கைத்திறன் குறைந்த கூலிக்கு வாங்கப்பட்டது. இலட்சக்கணக்கான தோல்கள் சென்னையிலிருந்து கடல் கடந்தன. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராமுலஸ் விட்டேக்கர் என்னும் இளைஞர் நம் சேலையூரில் ஒரு சிறு பாம்புப் பண்ணையை அமைத்தார். அதுவே 1972இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்து, இன்று பள்ளிக் குழந்தைகள் கண்டு வியக்கும் பாம்புப் பூங்காவாயிற்று. அதே ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்பு காக்கப்பட்டது, இருளரின் அடுப்போ அணைந்தது.

அதற்கு விடையாக 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்கி வருகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறையின் இசைவோடு உயிருடன் பிடித்து, துணி கட்டிய மண்பானைகளில் சில வாரங்கள் வைத்திருந்து, வாரம் ஒருமுறையாக நான்கு முறை நஞ்சு எடுக்கிறார்கள். பின்னர் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் சென்று, முறிவு மருந்தாகி, இந்தியாவின் மூலை முடுக்குகளை எட்டுகிறது. எங்கோ ஒரு பீகார் உழவன் பிழைத்தெழுகிறான் என்றால், அதில் நம் மாவட்டத்து இருளரின் கைக்கும் பங்கு இருக்கக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் இறப்புகள் ஏன் நிற்கவில்லை? 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பதினைந்து வயதை எட்டாத பிள்ளை. பெரும்பாலோர் சிற்றூர்களில், மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே இறந்தவர்கள். கடித்த இடத்தை இறுகக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும், மந்திரிக்க ஓடுவதும் உயிர்காக்கும் மணித்துளிகளை விழுங்கிவிடுகின்றன. மந்திரித்தால் பிழைக்கிறார்களே என்பார் உண்டு. இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாம்பினங்கள் இருக்க, நஞ்சுள்ளவை அறுபதுக்குச் சற்றே அதிகம். நஞ்சுள்ள பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அவ்வாறு எப்படியும் பிழைத்திருக்கக் கூடியவர்களே மந்திரத்திற்குச் சான்றாகிறார்கள். பிழைக்காதவர்கள் சான்று சொல்ல வருவதில்லை.

2024 மார்ச்சில் நடுவண் அரசு, பாம்புக்கடி இறப்புகளை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அறிவித்தது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் கடிபட்டவரை அசையாமல் கிடத்தி, மனந்தேற்றி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு அண்டை வீட்டாராகிய நம்முடையது. திருநீர்மலை 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஏரியோரங்களும் வயல்களும் மனைகளாகின்றன. குப்பை இருக்குமிடத்தில் எலி. எலி இருக்குமிடத்தில் பாம்பு. பாம்பு நம் வீட்டிற்கு வந்ததாகச் சொல்கிறோம். அதன் வீட்டில் நாம் மனை வாங்கியதைச் சொல்வதில்லை.

2023இல் செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்களாகிய வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் நாடு பத்மஸ்ரீ விருது அளித்தது. ஏற்கெனவே 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் தன் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க இவ்விருவரையும் அழைத்திருந்தது. பள்ளிப் படிப்பு தராத அறிவை உலகம் தேடி வந்து கற்றது. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த குடும்பங்கள் நெல் ஆலைகளிலிருந்தும் செங்கற்சூளைகளிலிருந்தும் கொத்தடிமைகளாய் மீட்கப்பட்ட செய்திகளையும் இதே மாவட்டத்தில் நாம் படித்திருக்கிறோம். பாம்பு வந்தால் அழைப்போம். பிடித்தபின் வாசலுக்கு வெளியே நிறுத்திப் பணம் கொடுத்து அனுப்புவோம். பாம்பிடம் நடந்துகொள்வது போலவே, அதைப் பிடிப்பவரிடமும் நடந்துகொள்கிறோம்.

பாம்பின்மேல் அச்சம் வேண்டாம் என்று யாரும் சொல்ல இயலாது. அது நம் உயிரைக் காக்கவே நமக்குள் வைக்கப்பட்டது. இருளருக்கும் அவ்வச்சம் உண்டு. கடிபட்டு விரல் இழந்தோர் அவர்களிடையே உண்டு. வேறுபாடு ஒன்றே. நாம் அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்கிறோம். அவர்கள் அஞ்சிக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இரவில் வெளியே செல்ல விளக்கை எடுப்பதும், தரையில் படுக்கும் ஏழைக்கு ஒரு கட்டிலும் கொசுவலையும் தருவதும், கடிபட்டவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதும் கண் திறந்த அச்சத்தின் செயல்கள். அத்தகைய அச்சமே அன்புக்கு இடம் விடும்.