வேலம்பாளையம்: கேட்டறிவதும் தொட்டறிவதும்

திருப்பூர் மாவட்டத்தில் 15 வேலம்பாளையம் உண்டு. 63 வேலம்பாளையமும் உண்டு. முன்னது நகராட்சியாக இருந்து 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. எண்ணை விட்டுப் பெயரை மட்டும் கைபேசியில் தட்டும் வெளியூர்க்காரர் வேறு ஊரில் போய் நிற்கலாம். ஆளைக் கேட்டால், "எந்த வேலம்பாளையமுங்க, பதினஞ்சா, அறுபத்திமூணா?" என்பார். திருப்பூரின் பனியன் தொழிலில் இடத்தையும் வேலையையும் அறிய, கைபேசி, விசாரிப்பு என்ற இவ்விரு வழிகளும் இன்று புழக்கத்தில் உள்ளன. எது எதற்கு உதவும்?

முதலில், எட்டும் தூரம். ஒரு பனியன் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங் என்று பல இடங்களுக்குப் போய்த்தான் முழுமை பெறுகிறது. பெயர்ப்பலகை வைத்த கம்பெனிக்கு வழிகாட்டக் கைபேசி வரைபடம் போதும். மொழி தெரியாத லாரி ஓட்டுநரும் வாசலுக்கே வந்துவிடுவார். வீட்டிலேயே நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவரை வரைபடம் பெரும்பாலும் அறியாது. டெம்போக்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் அவரைத் தெரியும்.

அடுத்து, விவரம். ஓவர்லாக் டைலர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா, பீஸ் ரேட் எவ்வளவு, ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறதா, சனிக்கிழமை சம்பளம் தவறாமல் வருமா என்பதெல்லாம் தெரிய வேண்டும். வாசலில் தொங்கும் 'ஆட்கள் தேவை' பலகை முதல் கேள்விக்கு மட்டுமே பதில் தரும். மற்றவற்றை அங்கே வேலை பார்த்தவர்தான் சொல்வார். ஆனால் அந்தப் பேச்சு சொந்தம், ஊர், மொழி தாண்டிப் போவது அரிது. தமிழ் தெரியாத ஒடிசா, பீகார் தொழிலாளி தன் ஊர்க்காரரையும் காண்ட்ராக்டரையுமே நம்ப வேண்டியிருக்கிறது. காண்ட்ராக்டர் சொல்லும் கூலி சரிதானா என்று வேறிடத்தில் கேட்டுப்பார்க்க அந்தத் தொழிலாளிக்குக் கைபேசிதான் துணை.

மூன்றாவது, பொறுப்பு. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் கைபேசி வழியே பரவின. பயந்து ஊர் திரும்பியவர்களும் உண்டு. தமிழ்நாடு காவல்துறை அவற்றைப் பொய்யென்று மறுத்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூர் வந்து தொழிலாளர்களை நேரில் கேட்டறிந்தது. தெரிந்தவர் தவறாகச் சொன்னால் மறுநாள் அவரையே கேட்கலாம். காணொலியைப் பரப்பியவரை எங்கே போய்க் கேட்பது?

ஆக, இடம் தேடக் கைபேசி, வேலையில் சேர விசாரிப்பு என்பதே சரியான பிரிவினை. ஆனால் விசாரிக்க ஆளில்லாதவருக்கு இந்தப் பிரிவினை பத்தாது. கம்பெனிகள் வாசல் பலகையில் கூலியையும் ஷிப்ட் நேரத்தையும் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைக்கட்டும்.